தரையெல்லாம் சூரியன்

கிரகணம் என்றால் எல்லோரும் அண்ணாந்து பார்க்கச் சொல்வார்கள். நான் முதலில் தரையைப் பார்க்கச் சொல்வேன். 2019 டிசம்பர் 26 காலையில் திண்டுக்கல்லில் ஒரு மரத்தடியில் எங்களோடு நின்றவர்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

மரநிழலில் வட்டவட்டமாக வெயில் சிந்திக் கிடக்கிறதே, அந்த வட்டம் ஒவ்வொன்றும் சூரியனின் படம். இலைகளுக்கு நடுவே உள்ள சந்து எந்த வடிவில் இருந்தாலும், கீழே விழுவது சூரியனின் வடிவம்தான். தினமும் மிதித்துக்கொண்டு நடக்கிறோம், கவனிப்பதில்லை. அன்று எட்டு மணிக்குமேல் சந்திரன் சூரியனைக் கடிக்கத் தொடங்கியதும் மரத்தடி வட்டங்கள் அத்தனையும் ஒருசேரப் பிறைகளாயின. ஒன்பதரை தாண்டியதும் பிறைகளின் இரு முனைகளும் நீண்டு நீண்டு ஒன்றையொன்று தொட்டன. வளையங்கள்! சட்டையில், செருப்பில், நிறுத்தியிருந்த பைக்கின் சீட்டில், எங்கே பார்த்தாலும் ஒளி வளையங்கள்!

நண்பனின் அப்பத்தா கிரகணம் விடும்வரை திண்ணையை விட்டு இறங்கமாட்டார். அவன் அடுப்படியிலிருந்து ஜல்லிக்கரண்டியை எடுத்து வந்து, சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வெயிலில் பிடித்தான்.

“அப்பத்தா, மேல பாக்க வேணாம். செவுத்தப் பாருங்க.”

“ஆத்தாடி! இத்தனையா!”

கரண்டியில் எத்தனை ஓட்டையோ சுவரில் அத்தனை வளையம். அவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது.

பிறகுதான் கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே பார்த்தேன். கருவட்டத்தைச் சுற்றி மெல்லிய நெருப்பு வளையம். மூன்று நிமிடம்கூட இல்லை. வெயில் அடிக்கிறது, ஆனால் சூடு இல்லை. வெளிச்சம் இருக்கிறது, ஆனால் வெள்ளி பூசியதுபோல் மங்கிக் கிடக்கிறது. இந்த நேரத்திலும் கண்ணாடியைக் கழற்றவே கூடாது. மிஞ்சியிருக்கும் அந்த மெல்லிய வளையமே விழித்திரையைச் சுட்டுவிடும். எக்ஸ்ரே பிலிம், மஞ்சள் தண்ணீர், கூலிங்கிளாஸ் எதுவும் உதவாது. இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

சூரியன் சந்திரனைப் போல் சுமார் 400 மடங்கு பெரியது, சுமார் 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால்தான் வானில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. சந்திரனின் பாதை முழுவட்டமல்ல. நம்மை விட்டு விலகியிருக்கும் நாட்களில் அது கொஞ்சம் சிறுத்துத் தெரியும், சூரியனை முழுக்க மூட முடியாது, விளிம்பு மிஞ்சும். பாதை ஐந்து பாகை சாய்ந்தும் இருப்பதால் எல்லா அமாவாசையிலும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

நம் மண்ணுக்கு இந்த அதிர்ஷ்டம் கொஞ்சம் அதிகம் என்றே நினைக்கிறேன். 2010 ஜனவரி 15 அன்று ராமேசுவரம், தனுஷ்கோடிப் பக்கம் வளையம் ஏறக்குறைய பத்து நிமிடம் நின்றது. அதற்கும் முன்னால், 1871 டிசம்பர் 12 அன்று நீலகிரியில் முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் சோலூரில் கருவிகளோடு காத்திருந்து, சூரியனைச் சூழ்ந்த வெளி மண்டலமான கொரோனாவின் ஒளியைப் பிரித்து ஆராய்ந்தார். ஊட்டிக்குப் போகிறவர்கள் சோலூர்ப் பக்கமும் ஒரு நடை போய்வர வேண்டும் என்பேன்.

சந்திர கிரகணம் இதற்கு எந்த விதத்திலும் இளைத்ததல்ல. கண்ணாடி வேண்டாம், அவசரமும் வேண்டாம். 2025 செப்டம்பர் 7 இரவு மொட்டைமாடியில் பாயை விரித்துப் படுத்தே பார்த்தோம். பத்து மணிக்குச் சற்று முன் ஓரத்தில் நிழல் ஏறியது. மேகம் அவ்வப்போது மறைத்தது, மறுபடி விலகியது. நிழலின் விளிம்பு வளைந்திருப்பதைப் பாருங்கள்: அது நாம் படுத்திருக்கும் இந்தப் பூமியின் வளைவு! பதினோரு மணிக்கு முழு நிலாவும் செம்பு நிறமாகி, 12.22 வரை அப்படியே இருந்தது. பூமியின் காற்றுமண்டலம் நீலத்தைச் சிதறடித்துவிட்டுச் சிவப்பை மட்டும் வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. உலகம் முழுவதும் அந்த நொடியில் நடக்கும் விடியல்களும் அந்திகளும் சேர்ந்து நிலாவின் மேல் விழுகின்றன. நிலா மங்க மங்க, அதுவரை ஒளிந்திருந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சற்றுத் தள்ளிச் சனிக்கோள். அன்று யாருக்கும் தூக்கம் வரவில்லை.

மறுபடி சூரியனுக்கு வருவோம். இனி நம் மண்ணில் அடுத்த வளையம் 2031 மே 21. தேனி, மதுரை வழியாகப் போகிறது, நண்பகல் தாண்டி. 2019-இல் சாய்வெயில் என்பதால் தரையில் விழுந்தவை நீள்வட்டங்கள். அன்றைக்குச் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு மேல் இருக்கும், எனவே ஏறக்குறைய வட்டமாகவே விழும். மதுரையில் சொந்தபந்தம் இருப்பவர்கள் இப்போதே சொல்லிவையுங்கள்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. 2028 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு பிறப்பதற்கு முன், இந்தியா முழுவதும் முழுச் சந்திர கிரகணம். பத்து மணிக்குச் சற்று முன் நிலா முழுதாகச் சிவந்து பதினோரு மணி வரை அப்படியே நிற்கும். வெறுங்கண்ணே போதும். பைனாகுலர் இருப்பவர்கள் அதையும் மாடிக்கு எடுத்து வாருங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.