4.50-க்கு ஒரு துளை: பெல்லட் சைஸர் வாங்கலாமா?

ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். ஒரே டின்னிலிருந்து எடுத்த பெல்லட்தான். ஒன்று கட்டைவிரல் பட்டதும் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்தது நகம் வலிக்க அழுத்தினாலும் வாசலிலேயே நிற்கும். இப்படிக் கொழுத்துப்போன குண்டுகளை ஒரே அளவுக்கு இறக்கித் தருவதாகச் சொல்லி விற்கப்படுவது பெல்லட் சைஸர். உள்ளங்கையில் அடங்கும் ஓர் எஃகு உருளை, நடுவில் துளை, பெல்லட்டைத் தள்ள ஒரு கம்பி. அவ்வளவுதான். கடையில் கிடைத்த ஒன்றையும், திருநெல்வேலிப் பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சொல்லிச் செய்த ஒன்றையும் வைத்துப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பட்டறைச் சரக்கு ஜெயித்தது. ஆனால் உங்களில் பலருக்கு இரண்டுமே தேவைப்படாது.

பேசுவது 4.5 மில்லிமீட்டர் (.177) ஏர் ரைஃபிளைப் பற்றி மட்டும். 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ.க்கு மிகாத குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்கான பெல்லட் அரை கிராமுக்குச் சற்றுக் கூடுதலான எடையில், நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகும். கணக்குப் போட்டால் எட்டு ஜூலைத் தாண்டாது. மருந்து நிரப்பிய தோட்டா தயாரிப்பது முற்றிலும் வேறு விவகாரம். 1959 ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும், வீட்டு மேசையில் செய்கிற வேலை அல்ல.

ஆனாலும் சைஸர் என்ற யோசனையே அந்த உலகத்திலிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் போட்டியாளர்களும் தோட்டாவைத் தாங்களே திரும்ப நிரப்புவார்கள். அங்கே லீ நிறுவனம் விற்கும் சைஸிங் கிட் இதே தத்துவம்தான்: குண்டைக் கீழிருந்து தள்ளி, ஒரு வளையத்தின் வழியே மேலே பிதுக்கி எடுப்பது. நம் ஊர்ப் போலீஸ் கையில் பார்த்துப் பழகிய 303-ன் குண்டு உண்மையில் .311 அங்குலம். 7.62 நேட்டோ ரைஃபிளுக்கு வேண்டியதோ .308. வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்றே பங்கு, ஆனால் அலட்சியம் செய்தால் ஆபத்து. பெரிய குண்டைத் திணித்தால் தோட்டாவின் கழுத்து தடித்துவிடும், சுடும்போது விரிந்து குண்டை விடுவிக்க அறையில் இடம் இருக்காது, அழுத்தம் எகிறிவிடும். செம்பு உறை போட்ட குண்டை அழுத்திச் சிறிதாக்கினால் இன்னொரு வில்லங்கம். உறை கொஞ்சம் மீண்டு விரியும், உள்ளே உள்ள ஈயம் அந்த அளவுக்கு மீளாது, இரண்டுக்கும் நடுவே பிடிப்பு தளர்ந்துவிடும். வெறும் ஈயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. பெல்லட் முழுக்க ஈயம் என்பதால்தான் இந்தச் சின்னக் கருவி வேலைக்காகிறது.

பெல்லட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்னால் தலை, நடுவில் இடுப்பு, பின்னால் குழிந்த பாவாடை. குழலுக்குள் உள்ள வரிகளில் தலை உட்கார்ந்து போகும். பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து, காற்று கசியாமல் அடைக்கும். நல்ல டின்களில் 4.49, 4.50, 4.51, 4.52 என்று தலையின் அளவைப் போட்டிருப்பார்கள். 4.52-க்கும் 4.50-க்கும் நடுவே 20 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது. இந்த அளவுக்கு மெனக்கெட வேண்டுமா என்றால், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் பத்துப் புள்ளி என்பதே அரை மில்லிமீட்டர் பொட்டு. பெய்ஜிங்கில் 2008-ல் அபினவ் பிந்த்ரா கடைசியாகச் சுட்டது 10.8. அந்த உயரத்தில் இருப்பவர்கள் மைக்ரானைப் பார்க்கத்தான் செய்வார்கள். ஆனித் திருவிழாப் பொருட்காட்சியில் பலூன் சுடுகிறவருக்குக் கவலையே வேண்டாம்.

கடைச் சைஸர் பார்க்கப் பளபளப்பு. பெட்டி அழகு, கைப்பிடிக்கு ரப்பர் உறை. துளையின் வாயை விரல் நுனியால் தடவினால்தான் குட்டு வெளிப்படுகிறது. சுள்ளென்று கூர்மை. நுழைவாயில் படிப்படியாகக் குறுகி வந்தால்தான் ஈயம் மெல்ல ஒடுங்கும். கூரான விளிம்பு அதைச் சீவிவிடும். ஒவ்வொரு பெல்லட்டும் போன பிறகு வாயில் மெல்லிய ஈய வளையம் ஒன்று மிஞ்சுகிறது. அதைத் துடைக்காமல் அடுத்ததைப் போட்டால், அந்தச் சீவல் புதிய தலையில் ஒட்டிக்கொண்டு குழலுக்குள்ளும் போகும். தள்ளும் கம்பியின் முனை வேறு தட்டை. அது பெல்லட்டின் தலையைத் தொடுவதே இல்லை, பாவாடை விளிம்பில் உட்கார்ந்து அதை நெளித்துவிடுகிறது. ஒரு பக்கம் திருத்தப்போய் மறுபக்கம் கெடுக்கிற கருவி.

பேட்டையில் தொழிற்பேட்டையும் அரசு ஐ.டி.ஐ.யும் இருப்பதால், துல்லிய வேலை தெரிந்த டர்னர் கிடைப்பது சிரமமில்லை. நான் போன பட்டறை அண்ணாச்சிக்குத் துப்பாக்கியில் துளி ஆர்வம் கிடையாது. பெல்லட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார், வெர்னியரை எடுத்தார், உடனே வைத்துவிட்டார். “இதுல வெர்னியர் வச்சா ஈயத்தக் கடிச்சிரும் அண்ணாச்சி. பொய்க் கணக்குதான் காட்டும்.” சரியான பேச்சு. மைக்ரோமீட்டரிலும் இதே சிக்கல்தான். ராட்செட் ‘டிக்’ என்று சொல்வதற்குள் ஈயம் அமுங்கிவிடும்.

இ.என்.8 எஃகுத் துண்டில் துளையிட்டு, அதைத் துல்லியமாக்க 4.5 ஹெச்7 ரீமர் ஓட்டினார். ஹெச்7 என்றால் துளை 4.500 முதல் 4.512 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், அது தரநிலை அனுமதிக்கும் தூரம். “ரீமர்ல 4.5ன்னு எழுதியிருக்கும், ஓட்ட ஒரு நூலிழ கூடத்தான் வரும் பாத்துக்கிடுங்க. குண்டப் போட்டு எடுத்து, குண்டத்தான் அளக்கணும்.” பிறகு வாசலில் நீளமான சரிவு கொடுத்து, பித்தளைக் குச்சியில் லேப்பிங் பசை தடவி மெருகேற்றினார். தள்ளும் கம்பியின் முனையை மெலிதாக்கி உருட்டி வைத்தார். அது பாவாடைக்குள் புகுந்து தலையின் பின்புறத்தையே நேராகத் தள்ளுகிறது. எனக்குப் பிடித்தது கம்பியில் போட்ட நகரும் நிறுத்தி. தலை மட்டும் துளைக்குள் போய் நிற்கும், பாவாடை வெளியே தப்பிக்கும். மறுபக்கமிருந்து ஒரு தட்டைக் குச்சியால் மெல்லத் தட்டினால் வந்தவழியே திரும்பிவிடும். தட்டைத் தலைப் பெல்லட்டுக்கு இது பிரமாதம். உருண்டைத் தலையில் குச்சியின் தடம் பதிகிறது, அங்கே இந்தச் சைஸருக்கு மதிப்பெண் குறைவு. இ.என்.8 துருப்பிடிக்கும் என்பது இன்னொரு குறை. ஐப்பசி மழையில் துடைத்து, சுற்றித்தான் வைக்க வேண்டும்.

தலையை அளக்க நம்பகமான வழி, அமெரிக்காவில் விற்கும் பெல்லட்கேஜ் மாதிரியான துளைத் தகடு. நூறில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாகத் துளைகள் இருக்கும். எந்தத் துளையில் தலை இறங்குகிறது, எதில் நிற்கிறது என்று பார்த்தால் போதும், ஈயம் அமுங்காது. என்னைக் கேட்டால் சைஸரைவிட இந்தத் தகட்டுக்குத்தான் முதலில் பணம் செலவழிக்க வேண்டும்.

இனி அட்டையில் என்ன நடந்தது? மலிவான, அளவு போடாத டின்னில் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. கூட்டத்தை விட்டு ஓரமாக ஓடும் குண்டுகள் குறைந்தன, ஏற்றும்போது விரலுக்குக் கிடைக்கும் பிடிப்பும் ஒரே மாதிரி ஆனது. 4.50 என்று போட்ட போட்டி டின்னில் எந்த வித்தியாசமும் இல்லை. 4.52-ஐ 4.50-க்கு இறக்கிப் பார்த்ததில், நேரடியாக வாங்கிய 4.50-க்குப் பக்கத்தில் வந்தது, எட்டிப் பிடிக்கவில்லை. பாவாடையோடு சேர்த்து முழு பெல்லட்டையும் தள்ளி எடுத்தவை, என் ஸ்பிரிங் ரைஃபிளில் சற்றே கீழே விழுந்தன. அடைப்பு தளர்ந்து காற்று கசிந்தால் வேகம் குறையும், வேறு என்ன ஆகும்?

ஒலிம்பிக் மட்டத்தில் சுடுகிறவர்கள் சைஸர் பக்கம் போவதில்லை. வெவ்வேறு லாட் எண்ணுள்ள பெல்லட்களைத் தங்கள் குழலில் சுட்டுப் பார்த்து, ஒத்துப்போகும் லாட்டை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். கடலூரில் பிறந்து உலகக் கோப்பைத் தங்கம் வரை போன இளவேனில் வாலறிவனின் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் விளையாட்டில் இது அன்றாட நடைமுறை. நமக்கு அத்தனை லாட் கிடைக்காது. ஆனால் 4.49, 4.50, 4.51 என்று மூன்று சின்ன டின் வாங்கிப் பார்ப்பது முடியாத காரியமில்லை. அதைச் செய்யாமல் சைஸர் வாங்குவது வீண் செலவு. ஏற்கெனவே தடித்த டின்கள் வீட்டில் குவிந்து கிடந்தால், அல்லது மலிவுச் சரக்கிலேயே பயிற்சி எடுக்கும் நிலை என்றால், பட்டறையில் செய்துகொள்ளுங்கள். பறவைக்குக் குறிவைக்க என்றால் சைஸரும் வேண்டாம், துப்பாக்கியே வேண்டாம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் இருக்கிற மாவட்டம் இது, 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது.

செய்வதானால் ஈயத்தை மதித்துச் செய்யுங்கள். சாப்பாட்டு மேசையில் கூடாது, பிள்ளைகள் பக்கத்தில் கூடாது. கீழே பழைய செய்தித்தாள் விரித்து, சீவலை அப்படியே மடித்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், ஊதித் தள்ளாதீர்கள். பெல்லட்டை உதட்டில் கவ்வுகிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், வெறும் தண்ணீரில் போகாது. வழுக்கலுக்கு எண்ணெய் விடலாமா என்று கேட்கிறார்கள். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். ஸ்பிரிங் ரைஃபிளில் அமுங்கிச் சூடாகும் காற்று அந்த எண்ணெயைப் பற்றவைக்கும், புகையும் வெடிச்சத்தமும் வரும், சீல் கருகும். சைஸர் துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயையும் வேலைக்கு முன் துளையிலிருந்து பஞ்சால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். சரிவு சரியாக அமைந்த துளையில் பெல்லட் உலர்ந்தபடியே இறங்கும். இறங்க மறுத்தால் சுத்தியலைத் தேடாதீர்கள், பட்டறைக்கே திரும்ப எடுத்துப்போய் வாயை இன்னும் கொஞ்சம் மெருகேற்றச் சொல்லுங்கள்.