சூப்பர்கார்காரர்கள் குடும்பக் கார் செய்யலாமா: ஒரு கணக்கு

யூடியூபில் கார் விமர்சனம் பார்க்கிறவர்களுக்கு இந்த வாக்கியம் பழகிப் போயிருக்கும்: "இது சூப்பர்கார்தான், ஆனா குடும்பத்தோடயும் போகலாம்." லம்போர்கினி உருஸ் வந்ததிலிருந்து இது கூடிவிட்டது. டிக்கியில் ரெண்டு சூட்கேஸ் வைத்துக் காட்டுவார்கள். ஆறடி ஆள் ஒருவர் பின்சீட்டில் உட்கார்ந்து தலைக்கும் கூரைக்கும் நடுவே கையை விட்டுக் காட்டுவார். அவ்வளவுதான், கார் பிராக்டிகல் ஆகிவிட்டது. எதிர்முகாமில் தூய்மைவாதிகள் இருக்கிறார்கள். லம்போர்கினியும் ஃபெராரியும் எஸ்யூவி செய்வது பாரம்பரியத்துக்குச் செய்யும் துரோகம் என்பது அவர்கள் கட்சி. ரெண்டு பேருமே கேள்வியைத் தப்பான இடத்தில் பிடித்திருக்கிறார்கள் என்பது என் வாதம்.

துரோகம் என்பதை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். ஃபெருச்சியோ லம்போர்கினி ஆரம்பித்ததே 1948-ல் டிராக்டரில். கார் கம்பெனி 1963-ல்தான் வந்தது. 1968 முதல் 1978 வரை வந்த எஸ்பாடா நாலு பேர் உட்காரும் கார். 1,217 வண்டிகள் செய்தார்கள், அந்தக் காலத்தில் அவர்களுக்கு அதிகம் விற்ற மாடல்களில் ஒன்று அது. 1986-ல் எல்எம்002 என்று பாலைவனத்துக்கு ஒரு பூதத்தையே இறக்கினார்கள். ஆக, உருஸ் வானத்திலிருந்து குதிக்கவில்லை. (ஒரு கிளைக்கதை: லம்போர்கினி டிராக்டர் பிரிவு 1970-களில் சாமே என்ற இன்னொரு இத்தாலிய டிராக்டர் கம்பெனிக்குப் போனது. அதே குழுமம் பிற்பாடு நம்ம ராணிப்பேட்டையில் டிராக்டர் தொழிற்சாலை வைத்தது. லம்போர்கினி குடும்பத்தின் விவசாயக் கிளைக்கு வட ஆற்காட்டு உறவு உண்டு என்று தைரியமாகச் சொல்லலாம்.)

வியாபாரக் கணக்கும் தெளிவு. 1990-களின் தொடக்கத்தில் போர்ஷே திவாலின் விளிம்பில் நின்றது. 1996-ல் பாக்ஸ்டர் மூச்சு கொடுத்தது. 2002-ல் கயென் எஸ்யூவி வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். 2023-ல் போர்ஷே விற்ற சுமார் 3,20,000 வண்டிகளில் கயென், மக்கான் ரெண்டு எஸ்யூவிகள் மட்டும் 1,74,000-க்கு மேல். பெயர் பெற்ற 911 வெறும் 50,000 சொச்சம். லம்போர்கினி அதே வருஷம் விற்ற 10,112-ல் 6,087 உருஸ். அதாவது பத்தில் ஆறு. எஸ்யூவி செய்ய மாட்டேன் என்று வீம்பாக நின்ற மெக்லாரன், 2021-ல் தன் தலைமையகத்தை 17 கோடி பவுண்டுக்கு விற்று அதிலேயே வாடகைக்கு உட்கார்ந்தது. அந்த நெருக்கடிக்குக் கொரோனாவும் காரணம்தான், ஆனாலும் தாங்கிப் பிடிக்க அவர்களிடம் ஒரு கயென் இல்லை. எஸ்யூவி செய்தால் பிழைப்பு உறுதி என்றும் சொல்ல முடியாது. டிபிஎக்ஸ் வந்த பிறகும் ஆஸ்டன் மார்ட்டின் நஷ்டத்தில்தான் ஓடுகிறது. எப்படியோ, பிழைக்க எஸ்யூவி செய்கிறார்கள், செய்துவிட்டுப் போகட்டும். எனக்கு ஆட்சேபணை அதைக் "குடும்பக் கார்" என்று சொல்வதில்தான்.

வில்லியனூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வழியாக பாகூர் போகிறவர்கள் மனசுக்குள் ஒரு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் மெயின் ரோட்டை விட்டு ஊருக்குள் திரும்பினால் பல இடத்தில் ஒற்றைத் தடச் சாலைதான். இந்தியச் சாலைப் பேராயத்தின் அளவுப்படி அதன் அகலம் 3.75 மீட்டர். உருஸின் அகலம், கண்ணாடியைச் சேர்க்காமலே, 2.016 மீட்டர். எதிரெதிரே ரெண்டு உருஸ் வந்தால் 4.03 மீட்டர், தாருக்குள் அடங்காது. ரெண்டு வேகன்ஆர் வந்தால் 3.24 மீட்டர், அரை மீட்டர் மிச்சம். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்தால் எந்தக் காராக இருந்தாலும் மண்ணில் இறங்கத்தான் வேண்டும், அது வேறு விஷயம்.

வேகத்தடைக்கு வருவோம். சூப்பர்கார் நம்ம ஊரில் ஓடாது என்பதற்கு எல்லாரும் இதைத்தான் காட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியம். பேராயத்தின் அளவுப்படியான வேகத்தடை 10 செ.மீ உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 2.6 மீட்டர் இடைவெளி உள்ள கார் அதன் உச்சியில் நிற்கும்போது, நடுவயிற்றை நோக்கி மேடு ஏறுவது சுமார் 5 செ.மீ மட்டுமே. தரையிலிருந்து 10 முதல் 13 செ.மீ உயரத்தில் இருக்கும் சூப்பர்கார்கூட நடுவயிறு தட்டாமல் போய்விடும். மூக்கு தனிக் கதை. ஆனால் நம்ம ஊர் வேகத்தடை அளவுப்படியா இருக்கு? ராத்திரியோடு ராத்திரியாக ஒரு முழ அகலத்தில் போட்டு எழுப்பிய வரப்பு அது. அங்கே 15 செ.மீ உயரம் என்றால் அந்த 15-ம் வயிற்றுக்குத்தான். டாடா டியாகோவுக்குத் தரை இடைவெளி 17 செ.மீ, அதுவும் காலி வண்டிக்கு. அஞ்சு பேர் ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்தால் ஸ்பிரிங் அமுங்கி அந்த மிச்சமும் போச்சு.

குடும்பக் கார் என்ற பிரச்சினையின் மையமே இந்த "காலி வண்டி" என்ற சொல்லில்தான் இருக்கு. சூப்பர்கார் செய்கிறவருக்கு வேலை ஒரு வகையில் சுலபம்: ரெண்டு சீட், ரெண்டு பேர், எடை பெரும்பாலும் மாறாது. சின்னக் குடும்பக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி சுமார் 1,000 கிலோ. அஞ்சு பேரும் சாமானும் சேர்த்து 350 கிலோ, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. பெரும்பகுதி பின்னால் போய் உட்காருகிறது. ஸ்டீயரிங் லேசாகிறது, பிரேக் தூரம் நீள்கிறது, வளைவில் உடம்பு சாய்கிறது. காலையில் ஒருத்தராக ஆபீஸ் போகும்போது ஒழுங்காக நடந்துகொள்ளும் கார், வைகாசியில் திருக்காமீசுவரர் தேர் பார்க்க மொத்தக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போகும்போது வேறு கார் ஆகிவிடுகிறது. நிறைய உயிர் உள்ளே இருக்கும் நேரத்தில்தான் அது மோசமாக நடந்துகொள்ளும். உருஸ் சுமார் 2,200 கிலோ. அதில் 350 கிலோ ஏறினால் ஆறில் ஒரு பங்கு. ஏர் சஸ்பென்ஷன், பெரிய பிரேக் எல்லாம் வைக்க இடமும் உண்டு, பணமும் உண்டு. 2018 ஜனவரியில் அது இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 3 கோடி. 3 கோடியில் செய்யும் கார் அஞ்சு பேரை ஏற்றிக்கொண்டு நன்றாக ஓடுவதில் என்ன வியப்பு? 6 லட்சத்தில் அதைச் செய்வதுதான் கஷ்டமான இன்ஜினியரிங்.

இன்னொன்றும் கவனியுங்கள். உருஸின் அடித்தளம் ஆடி க்யூ7, போர்ஷே கயென், பென்ட்லி பென்டேகா எல்லாவற்றுக்கும் பொதுவானது. குடும்பத்துக்கு உதவும் சமாச்சாரம் எல்லாம் ஃபோக்ஸ்வாகன் குழுமத்திலிருந்து வந்தது. லம்போர்கினி சேர்த்தது வேகம், தோற்றம், பெயர். இதன் கேலிச்சித்திர வடிவம் 2011-ல் வந்த ஆஸ்டன் மார்ட்டின் சிக்னெட். டொயோட்டா ஐக்யூ என்ற மூணு மீட்டர் குட்டிக் காருக்குள் தோலும் பளபளப்பும் போட்டு, விலையைப் பல மடங்காக்கி விற்றார்கள். ரெண்டு வருஷத்தில் மூடுவிழா. ஃபெராரியின் புரோசாங்குவே நேர்மையாவது பரவாயில்லை. அதை எஸ்யூவி என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள், நாலே சீட்தான். எங்க வீட்டில் அஞ்சு பேர். ஒருத்தர் பஸ்ஸில் வரணும்.

இந்த விலைக் கார்களுக்கும் புதுச்சேரிக்கும் உள்ள உறவு வேறு மாதிரி. பிஒய்-01 நம்பர் போட்ட பெரிய கார்களை வெளியூர் வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். பக்கத்து மாநிலங்களைவிட இங்கே சாலை வரி மிகக் குறைவாக இருந்ததால், இங்கே முகவரி காட்டிப் பதிவு செய்து வேறு ஊரில் ஓட்டினார்கள். 2017-ல் கேரளத்தில் இது பெரிய விவகாரமானது. நம்ம ஊர் நம்பர், ஆனா நம்ம ஊர் ரோட்டைப் பார்க்காத வண்டி!

சரி, வேகக் கார் செய்கிற கை குடும்பக் காரைத் தொடவே கூடாதா? தொடணும் என்றுதான் சொல்கிறேன். அதற்கு நல்ல உதாரணம் இத்தாலியில் இல்லை, மலேசியாவில் இருக்கு. 1996-ல் புரோட்டான் கம்பெனி இங்கிலாந்தின் லோட்டஸை வாங்கியது. கிள்ளானிலும் ஈப்போவிலும் நம்ம ஆட்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட ஓட்டிய சாதாரண புரோட்டான்களின் சஸ்பென்ஷனை லோட்டஸ் இன்ஜினியர்கள் சரிசெய்தார்கள். ஜென்-2 மாதிரியான கார்கள் விலைக்கு மீறிய சாலைப்பிடிப்பு உள்ளவை என்று பேர் வாங்கின. புரோட்டானின் பவர் விண்டோ பற்றி மலேசியாவில் ஜோக் சொல்லாதவர் கிடையாது, ஆனால் வளைவில் அது நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிக் குறை சொன்னவர் குறைவு. ஸ்பிரிங், டாம்பர், புஷ் இதையெல்லாம் சரியாகத் தேர்ந்தெடுக்க அறிவுதான் அதிகம் செலவாகும், பொருள் அவ்வளவு இல்லை. வேகக் கார்க்காரர்களிடம் இருக்கும் உண்மையான சொத்து அது. 2017-ல் லோட்டஸ் சீனாவின் ஜீலியிடம் போனது. பிறகு எலெட்ரே என்று சுமார் இரண்டரை டன்னில் மின்சார எஸ்யூவி செய்தது. எடையைக் குறை என்று வாழ்ந்த காலின் சாப்மனின் கம்பெனி! என்னைக் கேட்டால், லோட்டஸ் செய்த நல்ல குடும்பக் கார்களில் லோட்டஸ் முத்திரையே பெரிதாகக் கிடையாது.

நம்மிடமும் இதற்கு ஒரு மரபு இருக்கு, கோயம்புத்தூரில். 1980-களின் கடைசியில் எஸ். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை எடுத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை சீட் பந்தயக் காரைச் செய்தார். குடும்பக் காரின் இதயம், பந்தயக் காரின் உடம்பு. விலை கைக்கு எட்டியதால் ஒரு தலைமுறையே அதில் பழகியது. 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டியவர்தான். செட்டிபாளையத்துப் பந்தயத்தடம் இன்று கரிவரதன் பெயரில் நிற்கிறது.

அதே ஊரில் எதிர்த்திசையில் நடந்தது ஜேயம் ஆட்டோமோட்டிவ்ஸ். முன்னாள் பந்தய ஓட்டுநர் ஜே. ஆனந்தின் கம்பெனி. டாடாவோடு கூட்டுச் சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி ரெண்டையும் கொண்டு வந்தார்கள். சாதாரண டியாகோவில் 85 குதிரைத்திறன், இதில் 1.2 லிட்டர் டர்போ, 114. சஸ்பென்ஷனை மாற்றி, 4 மி.மீ மட்டும் தாழ்த்தி, 15 அங்குல அகல டயர் போட்டார்கள். அந்த 4 மி.மீ-ஐ நான் ரசிக்கிறேன். தாழ்த்தினால் வளைவில் நல்லது, ஆனால் நம்ம வேகத்தடை தெரிந்த ஆள் அதற்கு மேல் தாழ்த்த மாட்டார். விலை 6.39 லட்சத்திலிருந்து. ஒரு உருஸ் விலைக்கு 46 டியாகோ ஜேடிபி. நாலு கதவும் அப்படியே, சர்வீஸுக்கு டாடா ஷோரூம்.

பிஎஸ்6 விதி வந்த 2020-ல் ரெண்டும் நின்றுபோயின. குறைவாக விற்கும் இன்ஜினைப் புது விதிக்கு மாற்றுவது கட்டுப்படியாகாது, அது கண்ணுக்குத் தெரிந்த காரணம். எனக்குத் தோன்றும் இன்னொரு காரணம், விற்ற விதம். முன்மூடியில் காற்றுத் துளை, சிவப்புக் கோடு, பசங்க வண்டித் தோற்றம். "எத்தனை நொடியில் நூறு?" என்ற பேச்சு. அஞ்சு பேரோடு போகும்போது நிலைகுலையாத கார் என்று ஒருத்தரும் விற்கவில்லை. சிவப்புக் கோடும் டர்போவும் இல்லாமல் அந்த சஸ்பென்ஷனையும் டயரையும் மட்டும் சாதாரண டியாகோவில் முப்பது, நாப்பதாயிரம் கூடுதலுக்குக் கொடுத்திருந்தால் குடும்பங்களுக்கு அதிகம் பயன்பட்டிருக்கும்.

வாங்கியிருப்போமா என்பது நியாயமான எதிர்க்கேள்வி. எங்க தெருவில் புதுக் கார் வந்தால் முதல் கேள்வி "அண்ணே, எவ்வளவு கிடைக்குது லிட்டருக்கு?" ரெண்டாவது கேள்வி டச் ஸ்கிரீன். முழு லோடில் பிரேக் எப்படி என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை, கம்பெனிக்காரர்களும் அந்த எண்ணைப் போடுவதில்லை. மைலேஜுக்குச் சோதனை முறை இருக்கிற மாதிரி, அஞ்சு பேர் எடையோடு 80 கி.மீ வேகத்திலிருந்து நிற்கும் தூரத்தையும், லோடு ஏறியபின் மிஞ்சும் தரை இடைவெளியையும் ஷோரூம் அட்டையில் அச்சடிக்கச் சொல்லலாம். எண் கண்ணில் பட்டால் ஒப்பிடுவார்கள். அப்போது ஜேயம் மாதிரி ஆட்களுக்கு வேலை தானாக வரும்.

பழைய டிகோர் ஜேடிபி ஒன்று இந்தப் பக்கம் விற்பனைக்கு வந்தால் யாராவது சொல்லுங்கள். டிக்கி 419 லிட்டர், போதும். முட்டி வலியுள்ள அம்மா சிரமமில்லாமல் ஏறி இறங்க முடிகிறதா என்று ஒருதரம் உட்காரவைத்துப் பார்க்கணும்.