சரிவைத் திருப்பிப் போட முடியாது: அச்சிட்டு அடுக்கும் பேட்டில் மேப்புகள் பற்றி

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் சாலையில், பூம்பாறைக்குக் கொஞ்சம் முன்னால் எல்லா வண்டியும் நிற்கும் ஒரு வளைவு உண்டு. கீழே குழந்தை வேலப்பர் கோவில், அதைச் சுற்றி நெருக்கமாக வீடுகள், வீடுகளைச் சுற்றிச் சரிவு முழுக்க அடுக்கு வயல். பூண்டு, கேரட், உருளை. மேலேருந்து பார்த்தால் யாரோ பச்சைக் காகிதத்தில் கட்டம் போட்டு வைத்த மாதிரி இருக்கும். "அக்கா, உங்க ஊரே ஒரு ரெடிமேட் பேட்டில் மேப்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். அப்படிச் சொன்னது தப்பு. ஏன் தப்பு என்பதுதான் இந்தக் குறிப்பு.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான மேசை விளையாட்டுகளில் ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி விளையாடுவார்கள். சண்டை வந்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்ட ஒரு வரைபடம் வேண்டும். அதுதான் பேட்டில் மேப். வழக்கமான அளவு, ஒரு அங்குலக் கட்டம் என்றால் 5 அடி. சாதாரண மனிதப் பாத்திரம் ஒரு சுற்றில் 30 அடி, அதாவது 6 கட்டம் நகரும்.

ஒவ்வொரு சண்டைக்கும் புதிதாக வரைய யாருக்கும் பொறுமை இல்லை. அதனால்தான் துண்டு மேப்புகள். பிடிஎஃப் வாங்கி, அச்சிட்டு, வெட்டி, வேண்டியபடி சேர்த்துக்கொள்ளலாம். யோசனை பழையது. 1970-இல் அவலான் ஹில் வெளியிட்ட பான்சர்பிளிட்ஸ் என்ற டாங்கிப் போர் விளையாட்டிலேயே தனித்தனி அட்டைகளை விருப்பப்படி ஒட்டிப் போர்க்களம் அமைக்கலாம். 1976-இல் டிஎஸ்ஆர் நிறுவனம் கேரி கைகாக்ஸின் டன்ஜியன் ஜியோமார்ப்ஸ் தொகுப்பைக் கொண்டுவந்தது. நிலவறை வரைபடத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சேர்ப்பதுதான் அதன் வேலை. இன்றைய பிடிஎஃப்கள் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

முதலில் நம்ம ஊர்ப் பிரச்சினை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிடிஎஃப்களில் பல அமெரிக்க லெட்டர் தாளுக்குச் செய்தவை. அதன் அகலம் 216 மில்லிமீட்டர், 8 கட்டம் நன்றாக உட்காரும். நம்ம ஏ4 அகலம் 210. 8 அங்குலம் போக ஒரு பக்கத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. அவ்வளவு ஓரம் வரை அச்சிட முடியாத பிரிண்டர்கள் நிறைய. ஜெராக்ஸ் கடையில் "ஃபிட் டு பேஜ்" போட்டு அனுப்பிவிடுவார்கள். நான் வாங்கி வந்ததை ஸ்கேல் வைத்து அளந்தேன். 25.4 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய 10 கட்டம் 24.2 இருந்தது. வேறொரு நாள் சரியான அளவில் எடுத்த துண்டோடு இது ஒட்டவே இல்லை. "ஆக்சுவல் சைஸ்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். 6-க்கு 6 அல்லது 7-க்கு 10 கட்டம் உள்ள துண்டுகளாகப் பார்த்து வாங்குங்கள். ஏ4-இல் தாராளமாக அடங்கும்.

சரி, இது அச்சுப் பிரச்சினை, தீர்த்துவிடலாம். தீராத பிரச்சினை அக்கா வீட்டுக் கூடத்தில் வந்தது.

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. அவளும் அவள் தோழிகள் இரண்டு பேரும் ஆட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். கதை எளிது: சோலைக்காட்டிலிருந்து ஒரு பூதம் இறங்கிப் பூண்டு வயலை மேய வருகிறது, ஊரைக் காப்பாற்ற வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு, பூதத்துக்கும் பிடிக்காமல் போகுமா? வயல், காடு, ஓடை என்று ஆறு துண்டுகளை, அகலத்துக்கு இரண்டு நீளத்துக்கு மூன்றாக, அழகாகப் பரப்பினேன்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள், "மாமா, இதுல மேல எது?"

"இந்தப் பக்கம் மேலன்னு வெச்சுக்கோ."

"வெச்சுக்கிட்டா ஓடை குறுக்கால போகுதே. தண்ணி எந்தப் பக்கம் வடியும்?"

பதில் இல்லை. சமாளித்து ஆட்டத்தைத் தொடங்கினேன். பூதம் இரண்டு கட்டம் தள்ளி நின்றது. ஒரு தோழி "ரெண்டு கட்டம்தானே, ஓடிப்போய் வெட்டறேன்" என்றாள். "ஏய், அது ரெண்டு வரப்பு மேல நிக்குது. எப்படி ஏறுவ?" என்றாள் இவள். ஏறுவதற்கு விதி இருக்கிறது, ஒரு அடி ஏற இரண்டு அடி செலவு. ஆனால் எங்கே ஏற்றம் என்று மேப் சொல்லவில்லையே. பத்து நிமிஷ வாக்குவாதத்துக்குப் பிறகு அவளே வழி சொன்னாள்: "அப்ப இது எங்க ஊர் இல்ல மாமா. வேற ஊர்னு சொல்லிடுங்க, விளையாடலாம்."

கோபமாகச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. ஊர் மேப்பில் அடங்காதபோது ஊரை விட்டுக்கொடுத்துவிட்டு மேப்பை வைத்துக்கொள்ள ஒரு குழந்தை தயாராகிவிட்டது.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு சதுரத் துண்டுகளை ஆறு இடங்களில் 720 விதமாக வைக்கலாம். ஒவ்வொன்றையும் நாலு திசையிலும் திருப்பலாம் என்றால் அதற்கு 4,096 விதம். இரண்டையும் பெருக்கினால் 29,49,120 மேப். துண்டு மேப்பின் கவர்ச்சியே இந்த எண்தான். இப்போது அதே ஆறையும் அடுக்கு வயலாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மட்டம் இரண்டு, நடுமட்டம் இரண்டு, கீழ்மட்டம் இரண்டு. எதையும் திருப்ப முடியாது, திருப்பினால் தண்ணீர் மலை ஏறும். மட்டம் மாற்றியும் வைக்க முடியாது. ஒவ்வொரு மட்டத்திலும் இடது வலது மாற்றலாம், அவ்வளவுதான். மொத்தம் 8.

29 லட்சம் எங்கே, எட்டு எங்கே! இதை வரைந்தவரின் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். எந்த விளிம்பும் எந்த விளிம்போடும் சேர வேண்டுமென்றால் எல்லா விளிம்பும் ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். குன்று ஒன்று வரைந்தாலும் அது அந்தத் துண்டுக்குள்ளேயே ஏறி இறங்கி முடிந்துவிட வேண்டும். துண்டைத் தாண்டி நீளும் சரிவை இந்த முறை தாங்காது. நிலவறைக்காகப் பிறந்த முறை, நிலவறையின் தரை சமதளம். மலை ஊரை அதில் போட்டால் மலை போய்விடும், ஊர்ப் பெயர் மட்டும் மிஞ்சும்.

துண்டுகளுக்கு அடியில் புத்தகம் வைத்து உயர்த்திப் பார்த்தேன். பகடை உருண்டு கட்டிலுக்கடியில் போனதுதான் மிச்சம். பிறகு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் புள்ளி வைத்தேன். ஒரு வயலுக்கு ஒரு புள்ளி. இரண்டு வயலுக்கு நடுவே படியோ வழியோ இருந்தால் ஒரு கோடு. எங்கே கோடு வரும் என்று சொன்னது அந்த மூன்று பெண்கள்தான். "இங்க வழி கிடையாது, சுத்திதான் போகணும்" என்று பென்சிலைப் பிடுங்கி அழித்தார்கள். அக்காவின் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆடுபுலி கட்டம்தானே?" என்றார்.

ஆமாம், அதேதான். கோவில் மண்டபத் தரைகளில் செதுக்கி வைத்திருக்கும் ஆடுபுலி ஆட்டத்தில் 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. அங்கே தூரத்தை அங்குலத்தில் அளப்பதில்லை. கோடு இருந்தால் பக்கம், கோடு இல்லாவிட்டால் ஒட்டி இருந்தாலும் பக்கம் இல்லை. மலையில் நடப்பவர்களுக்கு இது புதிதா என்ன?

விதி இப்படி வைத்தோம்: ஒரு சுற்றுக்கு இரண்டு நகர்வு. இறங்கவும், அதே மட்டத்தில் பக்கத்து வயலுக்குப் போகவும் ஒன்று, ஏற இரண்டு. கோடு இல்லாத இடத்தில் கீழே குதிக்கலாம், பகடை காலை வாரினால் அடி. அன்று பூதம் தோற்றது கத்தியால் அல்ல. அக்கா மகள் மேல் வயலுக்கு ஏறி, வரப்பை உடைத்து, தேங்கிய தண்ணீரை அதன் காலடியில் திறந்துவிட்டாள். என் ஆறு துண்டு மேப்பில் அந்த யோசனை அவளுக்கு வந்திருக்கவே முடியாது. அதில் மேல் என்று ஒரு இடமே இல்லை.

புள்ளி மேப்பிலும் குறை உண்டு. 20 அடி ஆரத்துக்கு வெடிக்கும் ஃபயர்பால் மந்திரத்தைக் கட்டத்தில் எண்ணிவிடலாம், புள்ளியில் முடியாது. "ஒரு வயல் முழுக்க எரியும்" என்று பேசி முடித்துக்கொண்டோம். அம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் அப்படியொரு ஒப்பந்தம். துல்லியமான சண்டைதான் வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது. அடுத்த ஊருக்கு இந்தத் தாள் உதவாது, புதிதாகத்தான் வரைய வேண்டும்.

அதனால் துண்டு மேப்பே வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. குகை, கோட்டை, சத்திரம், நிலவறை எல்லாவற்றுக்கும் இன்னமும் அதைத்தான் எடுக்கிறேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: இந்தத் துண்டைத் தலைகீழாகத் திருப்பினால் இடம் மாறிவிடுமா? மாறாது என்றால் தைரியமாக அச்சிடுங்கள். மாறும் என்றால் அந்த ஊர்க்காரர் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பென்சிலை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.