மாலுமியின் வாளி

பழைய கப்பல் நாட்குறிப்பைத் திறந்தால், சாய்ந்த கையெழுத்தில் காற்றின் திசையும் வேகமும் நேரவாரியாக வரிசைகட்டி நிற்கும். கப்பல்களில் காற்றுமானி இல்லாத காலம். பாய் புடைப்பதையும் அலை நுரைப்பதையும் பார்த்தே எழுதினார்கள்.

1847இல் அமெரிக்கக் கடற்படையின் மாத்யூ மோரி இந்தக் குறிப்புகளைத் திரட்டிக் காற்று வரைபடம் வெளியிட்டார். குறிப்பு அனுப்பும் கேப்டனுக்கு வரைபடம் இலவசம். 1853இல் பிரஸ்ஸல்ஸ் மாநாடு பல நாட்டுக் கப்பல்களுக்கும் பொதுவான பதிவுமுறையை வகுத்தது.

கடலின் சூட்டை அளந்த விதம் இன்னும் சுவையானது. வாளியை இறக்கி நீரை மொண்டு, அதில் வெப்பமானியை விடுவார்கள். கித்தான் வாளி என்றால், மண்பானைத் தண்ணீரைப் போல, மேலே வருவதற்குள் நீர் சற்றுக் குளிர்ந்துவிடும். எஞ்சினுக்கு இழுத்த நீரில் அளந்தாலோ அளவு கொஞ்சம் கூடும். எந்தக் காலத்தில் எந்த வாளி என்று துப்பறிந்துதான் ஆய்வாளர்கள் பழைய எண்களைத் திருத்துகிறார்கள். பொறுமையான, அருமையான வேலை!

2010இல் தொடங்கிய ‘ஓல்ட் வெதர்’ திட்டத்தில், ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் முதல் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஏடுகளைப் படித்துக் கணினியில் ஏற்றினார்கள். இத்தகைய பதிவுகளைச் சேர்த்துவைத்திருக்கும் ‘ஐகோட்ஸ்’ தொகுப்பை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அதில் 1662ஆம் ஆண்டின் பதிவுகூட இருக்கிறது.