ஓய்ந்த ரம்பமும் அதன் வைத்தியரும்

யந்திரங்களைப் பழுது பார்ப்பவர் பலர். ஒரு யந்திரம் எதனால் நின்றது என்பதை அறியாமல் அதை மறுபடி ஓடவிடுவதில்லை என்று விரதம் பூண்டவர் சிலர். அந்தச் சிலருடைய வித்தையைப் பூரண வடிவில் காண விரும்புவோர், அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் கானடாவிலும் ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும், அரை நூற்றாண்டுக்கு முன் காட்டில் உழைத்து ஓய்ந்த சங்கிலி ரம்பங்களைத் தம் வீட்டுக் கொட்டகைகளில் வைத்துச் சீர்செய்யும் ரசிகர்களின் மேஜையருகே போய் நிற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த ரம்பங்களின் வம்ச வரலாறு தெரியாதவருக்கு அவ்வித்தையின் சுவை பாதியே கிட்டும். ஸூரிக் நகரில் பிறந்து ஸ்டுட்கார்ட்டில் தொழில் தொடங்கிய ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1929இல் வெளியிட்ட பெட்ரோல் ரம்பத்தின் எடை 46 கிலோ; இருவர் இரு முனைகளிலும் நின்று சுமந்தாலொழிய அது மரத்தைத் தொடாது. 1950இல், ஒருவரே தூக்கக்கூடிய 16 கிலோ ரம்பத்தை அவருடைய ஸ்தாபனம் செய்தது. 1959இல் வந்த கோன்ட்ரா என்னும் ரம்பமோ, எஞ்சினுக்கும் சங்கிலிக்கும் நடுவே இருந்த பல்சக்கரப் பெட்டியையே நீக்கி, 12 கிலோ எடைக்குள் ஆறு குதிரைச் சக்தியை அடக்கிவிட்டது. அட்லாண்டிக்குக்கு அப்பால் ராபர்ட் மெக்கல்லக் 1949இல் 25 ராத்தல் எடையுள்ள ரம்பத்தைக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கி, அதன் கற்களைக் கப்பலேற்றி, அரிஸோனாவின் பாலைநிலத்தில் மறுபடி நிறுத்திய மெக்கல்லக் இவரே. சங்கிலியின் கதை இன்னும் அழகானது. ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிவந்த ஜோசப் காக்ஸ், 1946இல், கட்டையைக் குடைந்துகொண்டிருந்த ஒரு வண்டுப் புழு தன் தாடைகளால் இடமும் வலமுமாக, நாரின் போக்கிலும் குறுக்கிலும் ஒரே லாகவத்தோடு அரித்துச் செல்வதைக் கூர்ந்து நோக்கி, அத்தாடையின் வளைவைச் சங்கிலியின் பற்களுக்குக் கொடுத்தார். 1947இல் விற்பனைக்கு வந்த அந்தச் சங்கிலியின் வடிவமே, சிற்சில திருத்தங்களோடு, இன்றும் உலகெங்கும் மரத்தை அறுத்துவருகிறது.

இனி வித்தைக்கு வருவோம். பல்லாண்டு கொட்டகையில் கிடந்த ஒரு ரம்பம் கைக்கு வந்ததும், புதுப் பெட்ரோலை ஊற்றிக் கயிற்றை இழுத்துப் பார்க்கவே யாருக்கும் கை துடிக்கும். தேர்ந்தவர் அதைச் செய்வதில்லை. சைலன்ஸரைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியே விளக்கைப் பிடித்து, பிஸ்டனின் பக்கவாட்டைப் பார்க்கிறார். ரம்பத்தின் பூர்வ சரித்திரம் முழுவதும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. புகை வெளியேறும் பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடினால், பெட்ரோலில் எண்ணெய் போதவில்லை, அல்லது காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவையில் அது எரிந்தது என்று பொருள். கார்புரேட்டர் இருக்கும் பக்கம் பளபளப்பு மங்கிச் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தால், காற்று வடிகட்டியைக் கவனிக்காமல் மரத்தூளையும் புழுதியையும் உள்ளே போகவிட்டவர் யாரோ இருந்திருக்கிறார். நான்கு மூலைகளிலும் தேய்ந்திருந்தால், சிலிண்டரின் குளிர்விக்கும் தகடுகளுக்கிடையே தூள் அடைத்துக்கொண்டு சூடு மிஞ்சியிருக்கிறது. பிஸ்டனில் ஒரு கீறலும் இன்றி, அதைக் கடைந்தபோது விழுந்த நுண்ணிய வரிகள் அப்படியே தெரிந்தால், அந்த ரம்பம் அதிகம் உழைக்காமலே ஒதுக்கப்பட்ட பாக்கியசாலி. இந்த ஒரு பார்வையால் நோயின் பெயர் தெரிந்துவிடும். நோயின் மூலம் தெரிவதற்கு இன்னும் ஒரு பரீக்ஷை உண்டு. என் மனத்துக்கு இந்தக் கலை முழுவதிலும் உயர்ந்த அம்சம் அதுதான்.

இவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். கார் எஞ்சினில் கிராங்க் அறை எண்ணெய் நிற்கும் இடம் மட்டுமே. இங்கோ பெட்ரோலும் எண்ணெயும் காற்றும் கலந்து முதலில் புகுவது அந்த அறைக்குள்தான். பிஸ்டன் மேலே போகையில் அறைக்குள் வெற்றிடம் உண்டாகிக் கலவை இழுக்கப்படுகிறது. கீழே வருகையில் அது அழுத்தப்பட்டு மேலே சிலிண்டருக்குள் தள்ளப்படுகிறது. ஆகவே, கிராங்க் தண்டின் இரு பக்கமும் உள்ள ரப்பர் ஆயில் சீல்களில் ஒன்று முதுமையால் இறுகி மயிரிழை அளவு விலகினாலும், அளக்கப்படாத காற்று அதன் வழியே களவாக நுழைந்து, கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்து, பிஸ்டனைச் சுட்டுவிடும். கீறிய பிஸ்டனை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, இந்தக் கசிவை விட்டுவைத்தவனுடைய ரம்பம் கொட்டகையில் கம்பீரமாக முழங்கும். முதல் பருத்த மரத்தில் முன்போலவே மடியும். எனவே தேர்ந்தவர், புகை போகும் வழியையும் கலவை வரும் வழியையும் ரப்பர் தகடு வைத்து அடைத்து, கைப்பம்பால் சதுர அங்குலத்துக்கு ஏழெட்டு ராத்தல் அழுத்தத்தில் காற்றைச் செலுத்திவிட்டு, மானியின் முள் இறங்குகிறதா என்று காத்திருக்கிறார். இறங்கினால் சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார். அதோடு நில்லாமல், காற்றை உறிஞ்சி எடுத்தும் பார்க்கிறார். ஏனெனில் அழுத்தும்போது தண்டோடு ஒட்டிக்கொண்டு யோக்கியமாக நடந்துகொள்ளும் சீலின் உதடு, உறிஞ்சும்போது விலகிக் காற்றை விடுவதுண்டு. தண்டை மெல்லச் சுழற்றிக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். இத்தனை பொறுமைக்கும் பார்வையாளர் யாரும் இல்லை, கைத்தட்டல் இல்லை. ரம்பத்தின் ஆயுள் இதனால்தான் நிச்சயிக்கப்படுகிறது.

சிலிண்டரைக் காப்பாற்றும் முறையும் ரசிக்கத்தக்கது. சிலிண்டரின் உட்புறம் குரோம் பூசப்பட்டிருந்தால், கீறிய பிஸ்டனிலிருந்து உருகி அப்பிய அலுமினியத்தைத் துணி சுற்றிய குச்சியால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தொட்டுத் தடவி நீக்குகிறார்கள். அலுமினியம் உள்ள இடத்தில் அமிலம் நுரைக்கும். நுரை நின்றதும் கழுவிவிட வேண்டும். சிலிண்டரின் உடலே அலுமினியமாகையால் துவாரங்களின் ஓரத்தில் அமிலம் பட்டால் அதையும் தின்னும். நேரம் மிஞ்சினால் குரோமையும் விடாது. அடியில் குரோம் சேதமின்றிப் பளிச்சிட்டால் அந்தச் சிலிண்டர் பிழைத்தது. அளவு பொருந்திய புது பிஸ்டனும் வளையங்களும் போதும்.

கார்புரேட்டரில் பெரும்பாலும் வேண்டியது, காகிதம்போல் விறைத்துப்போன டயாப்ரத்தை மாற்றுவதே. மிதவை வைத்த ஆதிகாலக் கார்புரேட்டர்கள் ரம்பம் நிமிர்ந்து நின்றால்தான் பெட்ரோல் கொடுத்தன. ஆகவே மரத்தைச் சாய்க்கவும் துண்டு போடவும் ரம்பத்தின் அலகை மட்டும் திருப்பிவைத்து அறுத்தார்கள். டயாப்ரம் வந்த பிறகே ரம்பம் எந்தக் கோணத்திலும் ஓடும் சுதந்திரம் பெற்றது. மின்பொறிக்கு பிளாட்டினம் பாயிண்டைச் சுத்தம் செய்து இடைவெளி அமைத்து, கண்டென்சரை மாற்றினால் அநேகமாகப் போதும்.

வர்ணம் பூசும் விஷயத்தில் ரசிகர்கள் இரண்டு கட்சி. மெக்கல்லக்கின் மஞ்சளையும் யோன்சரெட் ரம்பத்தின் சிவப்பையும் கண்ணாடிபோல் மெருகேற்றி வைப்போரின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் என் பக்ஷம் மற்றக் கட்சியே. கைப்பிடிக்கடியில் வர்ணம் உதிர்ந்து மக்னீஸியம் வெளிப்பட்ட இடம், ஒரு மனிதன் பல பருவங்கள் அதைப் பற்றியிருந்ததன் சாட்சி. அதன்மேல் புது வர்ணத்தைப் பூசுவது அந்தச் சாட்சியை வாயடைப்பதாகும். எண்ணெயும் தூளும் இறுகிய அழுக்கைக் கழுவி நீக்கி, வெண்மையாகப் பூத்த அரிப்பை நிறுத்தி, எஞ்சியதை எஞ்சியபடியே விடுவதுதான் மரியாதை.

கடைசியாகச் சுருதி. கார்புரேட்டரின் வேகத் திருகை, வித்வான் தம்பூராவின் பிருடையைத் திருகுவது போல, செவியை ஒன்றே பிரமாணமாகக் கொண்டு திருகுகிறார்கள். சுமையின்றி முழு வேகத்தில் ஓடும்போது ரம்பம் சற்றே தடுமாறி, கொப்பளிப்பது போன்ற கரகரப்போடு ஒலிக்க வேண்டும். கலவையில் பெட்ரோல் சிறிது மிகுதியாக இருப்பதன் அடையாளம் அது. அதே ரம்பம் மரத்தில் பதிந்தவுடன் கரகரப்பு அற்று ஒரே சீரான நாதமாகிவிட வேண்டும். மரத்திலிருந்து எடுத்ததும் மறுபடி கரகரக்க வேண்டும். வெறுமனே ஓடும்போதே தூய்மையாகக் கீச்சிடும் ரம்பத்தைக் கேட்டு அறியாதவர் மகிழ்வர். அறிந்தவர் ஓடிப்போய் அணைப்பார்.

சீராக்கிய ரம்பத்தை அலமாரியில் ஏற்றிவிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அவற்றில் பலவற்றுக்குச் சங்கிலித் தடை கிடையாது. அதிர்வைத் தாங்கும் கைப்பிடியும் கிடையாது. ரம்பம் துள்ளினால் காப்பது பிடித்த கையும் நின்ற நிலையும் மட்டுமே. ஆதலால் தினசரி உழைப்புக்கு அவை உதவா. ஆனால் ஆண்டில் சில நாட்களாவது, கூர்தீட்டிய சங்கிலியோடு, நல்ல கட்டையில் அவற்றை இறக்கி அறுக்கத்தான் வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய குழாய்களையும் டயாப்ரத்தையும் கெடுக்குமாகையால், விவரம் தெரிந்தவர்கள் அதைத் தவிர்த்து அல்கிலேட் பெட்ரோலை ஊற்றுகிறார்கள். வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, கார்புரேட்டரில் எஞ்சியதும் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, அதன் பிறகே எடுத்து வைக்கிறார்கள்.