ஒரு கடிதமும் ஒரு கல்லறையும்

மேடைப் பேச்சு ஊருக்கு, கடிதம் ஒருவருக்கு. ஆதலின், தலைவர்களின் உள்ளத்தை அறிய விழைவோர் அன்னாரின் கடிதங்களை நாடுதல் இயல்பு. பிரஞ்சுத் தலைவர் சார்லஸ் டி கோல், 1946 ஏப்ரலில் படைத்துறை அமைச்சர் எட்மோன் மிஷ்லேக்கு எழுதிய சிறு கடிதம் இவ்வகையில் ஆராயத் தக்கது.

அவ்வாண்டு ஜனவரியில் டி கோல் ஆட்சித் தலைமையைத் துறந்தார். படையில் அவருக்கு இருந்ததோ, 1940-இல் தற்காலிகமாகக் கிடைத்த பிரிகேட் தளபதி நிலையே. அதனை ஒழுங்குபடுத்தப் புதிய அரசு விரும்பியது. கேட்டு எழுதிய மிஷ்லேயும் அயலார் அல்லர். ஜெர்மானியரின் டாஹௌ சிறைமுகாமில் வாடியவர். டி கோலின் அமைச்சரவையிலேயே பணியாற்றியவர்.

டி கோல் மறுத்துவிட்டார். 1940 ஜூன் 18 முதல் தம் நிலை வழக்கமான வரம்புகளைக் கடந்துவிட்டது என்றார். ஐந்து ஆண்டு, ஏழு மாதம், மூன்று நாள் நீடித்த பெருஞ்சோதனையில் எவரும் அதனை மாற்ற நினைக்கவில்லை. இனி அலுவலக முறையில் தீர்வு காண்பது நகைப்புக்கு இடமாகும். இடர்ப்பாடு ஏதேனும் இருப்பின், சாவு அதனை ஒருநாள் தீர்த்துவைக்கும். இதுவே கடிதத்தின் சாரம்.

இதனைப் பணிவு எனப் பாராட்டுவோர் உளர். அது பொருந்தாது. பதவி கேட்பவன் அரசின் அளவுகோலை ஏற்கிறான். இவரோ அக்கோலே தம்மை அளக்கப் போதாது என்கிறார். நாட்களையும் விடாது எண்ணியிருப்பது, ஏட்டுக் கணக்கரின் மொழியாலேயே ஏட்டை எள்ளுவதாகும். இது செருக்குத்தான். மேலும், செதுக்கி வைத்தாற்போன்ற அந்நடை, மிஷ்லே ஒருவருக்காக மட்டும் எழுதப்பட்டதோ என்ற ஐயத்தையும் எழுப்புகிறது. வரலாற்றின் கண் தம்மேல் இருப்பதை டி கோல் மறந்தவர் அல்லர்.

அங்ஙனமாயின் அக்கடிதம் வெறும் வேடமா? விடையை அவர் வாழ்க்கையில்தான் தேட வேண்டும். 1952 ஜனவரியில் தம் இறுதிச் சடங்கு குறித்து அவர் எழுதிவைத்த குறிப்பில், பதவி உயர்வு, விருது, பட்டம் எதுவும் தமக்கு வேண்டா என மீண்டும் விலக்கினார். இடையே 1959 முதல் 1969 வரை குடியரசுத் தலைவராய் இருந்தும் அம்முடிவை மாற்றவில்லை. 1970 நவம்பரில் மறைந்தார். கொலொம்பே சிற்றூரில் உள்ள அவர் கல்லறையில் பெயரும், பிறந்த ஆண்டும், இறந்த ஆண்டும் மட்டுமே உள்ளன.

கடித இலக்கியம் கற்பிப்போர் விளியையும் முடிப்பையும் நடையழகையும் மட்டும் நோக்கினால் போதாது. எழுதியவர் தாம் எழுதியபடி நின்றாரா என்றும் கேட்டல் வேண்டும். டி கோல் நின்றார். அவருடைய செருக்கையும் நாம் மதிப்பது அதனாலேயே.