தொழிற்சாலையை மிஞ்சிய பட்டறை

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் அது ஷால்கே 04-இல் தொடங்கி அங்கேயே முடியும். சுரங்கத் தொழிலாளர்களின் கால்பந்துக் கழகம். அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் இந்த வட்டாரக் கைத்திறனின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால், தெற்கே தள்ளி, கொலோனில் இருந்த ஒரு கார் பட்டறையைத்தான் காட்டுவேன். எர்வின், மான்ஃப்ரெட் என்ற க்ரேமர் சகோதரர்கள் 1962-இல் தொடங்கியது. எர்வின் பந்தய ஓட்டுநர்; 1968-இல் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் கெல்லனர்ஸ், கௌசன் இருவரோடு போர்ஷ 911 ஓட்டி வென்றவர். மான்ஃப்ரெட் இயந்திரத்தைக் கவனித்துக்கொண்டார்.

போர்ஷவிடம் கார் வாங்கி ஓட்டிய அணிகள் பல. வாங்கிய காரை போர்ஷவே வியக்கும்படி மாற்றியவர்கள் இவர்கள். போர்ஷவின் 935 பந்தயக் காரை மாற்றி அவர்கள் 1979-இல் கொண்டுவந்த 935 கே3 அதற்குச் சாட்சி.

அதன் பின்மூடிக்குக் கீழே இருக்கிறது ரசிக்க வேண்டிய விஷயம். டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடாகிறது. சூடான காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் எஞ்சினின் சக்தியும் குறையும். அதற்குத்தான் இடையில் ஒரு குளிர்விப்பான். பந்தய விதிகள் தந்த இடநெருக்கடியால் போர்ஷ நிறுவனம் தண்ணீரால் குளிர்விக்கும் முறைக்குப் போனது. தண்ணீர் என்றால் குழாய், பம்பு, ரேடியேட்டர், எடை, ஒழுக்கு. க்ரேமர் சகோதரர்கள் அதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, ஓடும் காற்றாலேயே குளிரும் பெரிய குளிர்விப்பானைப் பின்பக்கத்தில் பொருத்தினார்கள். சேர்ப்பதைவிடக் குறைப்பதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும். கெவ்லார் கலந்த உடற்பகுதியை எக்கெஹார்ட் ட்சிம்மர்மான் செய்துகொடுத்தார். மட்கார்டுகளின் மேல்விளிம்பில் நீளவாட்டில் ஓடும் மெல்லிய தடுப்புகளைப் பாருங்கள்: காற்று பக்கவாட்டில் வழிந்துவிடாமல் பின்சிறகுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கு அது. அழகுக்காக வைத்த கோடு ஒன்றுகூட அந்தக் காரில் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு அழகு.

அந்த ஆண்டு ஜெர்மன் கார் பந்தய சாம்பியன்ஷிப்பின் 12 பந்தயங்களில் 11-ஐ கிளாஸ் லுட்விக் இந்தக் காரில் வென்றார். ஜூன் மாதம் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம். மழை கொட்டியது, போர்ஷவின் சொந்த 936 கார்கள் இரண்டும் முடிவு வரை நிற்கவில்லை. கே3 முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது எரிபொருள் பம்பை இயக்கும் பெல்ட் அறுந்தது. வெளியார் கை வைக்கக் கூடாது என்பது விதி. ஓட்டிக்கொண்டிருந்த டான் விட்டிங்டன் சாலையோரத்தில் தானே குனிந்து, ஆல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டி, வண்டியை பிட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது, முன்னிலை போகவில்லை. லுட்விக், டான், அவர் சகோதரர் பில் மூவரும் 307 சுற்றுகளில் வென்றார்கள். இரண்டாவது வந்த 935-ஐ ஓட்டியவர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகர் பால் நியூமன். மூன்றாவது வந்ததும் க்ரேமர் கார்தான். அதை ஓட்டிய லோரான் ஃபெரியே பின்னாளில் தன் பெயரிலேயே கைக்கடிகார நிறுவனம் தொடங்கியவர்.

எஞ்சின் போர்ஷவுடையது, இவர்களுக்கு என்ன பெருமை என்று கேட்பவர்கள் உண்டு. அதே எஞ்சின் அந்தப் பந்தயத்தில் வேறு பலரிடமும் இருந்தது. எனக்கு அந்தப் பதில் போதும்.

பிறகு துயரமும் வந்தது. 1985-இல் கனடாவின் மோஸ்போர்ட்டில் க்ரேமரின் 962 காரை ஓட்டிய மான்ஃப்ரெட் விங்கல்ஹாக் விபத்தில் இறந்தார். ஆனாலும் பட்டறை ஓயவில்லை; 1995-இல் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தைத் தாங்களே கட்டிய கே8 காரில் வென்றார்கள். எர்வின் 2006-இல் காலமானார்.

1979 லெ மான்ஸ் பந்தயத்தின் பழைய காணொளி கிடைத்தால், ஓட்டுநர்களை அப்புறம் பாருங்கள். கே3 உங்களைக் கடந்துபோகும் கணத்தில் அந்தப் பின்பக்கத்தைப் பாருங்கள்.